திண்ணையும் ஏடும் வகுப்பறையும்

கல்வி என்ற சொல்லைக் கேட்டவுடன் இன்று எவர் மனத்திலும் எழும் உருவம் வகுப்பறையே. ஒரே வயதுடைய பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருப்பர், எதிரே கரும்பலகை, அதனருகே ஓர் ஆசிரியர், மணியடித்தால் ஒரு பாடம் முடிந்து மறு பாடம் தொடங்கும். இக்காட்சி தொன்றுதொட்டு வருவது போலத் தோன்றினும், தமிழ் மண்ணில் அது வேரூன்றி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன்னரும் தமிழர் கற்றனர். திண்ணையில் கற்றனர், புலவர் இல்லத்தில் தங்கிக் கற்றனர், தந்தையின் தொழிற்களத்தில் கற்றனர், ஏட்டைத் தாமே புரட்டியும் கற்றனர்.

இப்பழைய முறைகளைப் பற்றி இரண்டு கருத்துகள் நெடுங்காலமாக மோதி வருகின்றன. பழமை பொற்காலம், வகுப்பறை அதனை அழித்தது என்பார் ஒரு சாரார். பழமை இருட்டு, வகுப்பறையே விளக்கு என்பார் மற்றொரு சாரார். வரலாற்றை நடுநிலையோடு நோக்கின் இரண்டும் பாதி உண்மைகளே என்பது விளங்கும். எந்தக் கல்வி முறையிடமும் கேட்கத்தக்க வினாக்கள் இரண்டு. அது யாரை உள்ளே விட்டது? உள்ளே வந்தவரை எவ்வளவு அணுகிக் கவனித்தது? இவ்விரு வினாக்களையும் சேர்த்துக் கேட்டால் மட்டுமே பழையதையும் புதியதையும் முறையாக எடைபோட இயலும்.

மணலும் ஓலையும்

திண்ணைப் பள்ளிக்குத் தனிக் கட்டடம் தேவைப்படவில்லை. ஆசிரியர் வீட்டுத் திண்ணையோ, கோயில் மண்டபமோ, மரநிழலோ போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் விடியற்காலையிலேயே வந்து சேர்வர். முதலில் வந்தவன் கையைப் பிரம்பால் தடவிவிடுவதும், பின்னர் வருபவர்க்கு வந்த வரிசைக்கேற்ப அடிகளைக் கூட்டிக்கொண்டே போவதும் பல ஊர்களில் வழக்கம். எழுத்தை முதலில் வாயால் ஒலித்து, பின் விரலால் மணலில் எழுதி, கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் பிடிப்பர். அரிச்சுவடி முடிந்தால் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்று நீதி நூல்கள் தொடரும். மேலே செல்பவர்க்குச் சதகங்களும் நிகண்டும் உண்டு.

கணக்கு அப்பள்ளியின் உயிர்நாடி. எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று ஆகியவை மனப்பாடமாக வேண்டும். ஒன்றில் 20இல் ஒரு பங்கு மா. 80இல் ஒரு பங்கு காணி. 320இல் ஒரு பங்கு முந்திரி. அம்முந்திரியையும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. இத்தகைய நுண்பின்னங்களைத் தாளோ மையோ இன்றி நாவிலேயே பெருக்கிக் காட்டும் ஆற்றல் பத்து வயதுச் சிறுவனுக்கு இருந்தது. நிலம் அளக்கவும், நெல் அளக்கவும், வட்டி கணக்கிடவும், கடிதமும் பத்திரமும் எழுதவும் ஊருக்கு எது வேண்டுமோ அதுவே பாடமாயிற்று.

இம்முறையின் சிறப்பு இரண்டு. ஒன்று, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கற்றான். எல்லாரும் ஒரே நாளில் ஒரே பாடத்தை முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவன் மணலில் இருக்கும்போதே மற்றொருவன் நிகண்டுக்குப் போய்விடலாம். மற்றொன்று, கற்றவன் கற்பித்தான். சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவன் இளையோர்க்கு முறை சொல்லிக் கொடுத்தான். பிறர்க்குச் சொல்லுந்தோறும் அவனது பாடமே உறுதிப்பட்டது.

குறைகளும் வெளிப்படையானவை. பொருள் விளங்காமல் ஒப்பிப்பதே பெருவழக்கு. தண்டனைகளோ கொடியவை. கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் காலில் பூட்டும் கட்டையும் பிள்ளைகளின் கனவிலும் வந்து அச்சுறுத்தின. சட்டாம்பிள்ளை கண்டிப்புடையவனாகவும் இருப்பான்; தின்பண்டம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுபவனாகவும் இருப்பான்.

அயலாரையும் இத்திண்ணை மாணவராக்கியது. 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய செருமானியச் சமய ஊழியர் சீகன்பால்கு, தமிழ் கற்க விரும்பி, ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தம் இல்லத்திற்கே அழைத்துப் பள்ளியை அங்கு நடத்தச் செய்தார். சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் விரலோட்டி எழுத்துகளைக் கற்றார். விரைவில் தமிழில் சமய நூல்களை எழுதவும் அச்சிடவும் வல்லவரானார்.

1822ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு

இப்பள்ளிகள் எத்தனை இருந்தன என்பதை அறியச் சான்று உண்டு. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு சூன் மாதத்தில், மாகாணம் முழுவதும் உள்ள பள்ளிகளையும் மாணவரையும் கணக்கெடுத்து அனுப்புமாறு மாவட்ட ஆட்சியர்க்கு ஆணையிட்டார். விடைகள் வந்து சேர நான்காண்டுகள் ஆயின. 1826 மார்ச்சில் மன்றோ அவற்றைத் தொகுத்து ஒரு குறிப்பு வரைந்தார். அதன்படி 1,28,50,941 மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் பயின்றனர். மக்கள்தொகையில் ஏறத்தாழ 68 பேருக்கு ஒருவர் என்ற விகிதம் இது.

இவ்வெண்களுக்கு வெளியே வீடுகளில் கற்றவர் பலர். சென்னை நகரில் பள்ளிகளில் பயின்றோர் 5,523 பேர் எனவும், வீட்டில் பயின்றோர் 26,963 பேர் எனவும் அறிக்கை கூறிற்று. ஏறத்தாழ ஐந்து மடங்கான இவ்வெண்ணில் பிழை இருக்கலாம் என மன்றோவே ஐயுற்றார். ஆயினும் வீட்டுக் கல்வியையும் கருத்திற்கொண்டு, கல்வி பெறும் வயதுடைய ஆண்பிள்ளைகளில் கற்போர் நான்கில் ஒரு பங்கு என்பதைவிட மூன்றில் ஒரு பங்கை நெருங்குவர் என்று அவர் மதிப்பிட்டார்.

இக்கணக்கு நூறாண்டுகளுக்குப் பின் பெரும் விவாதத்திற்குக் காரணமாயிற்று. 1931 அக்டோபரில் இலண்டனில் உரையாற்றிய காந்தியடிகள், ஆங்கிலேயர் ஆட்சியில் எழுத்தறிவு முன்னைவிடக் குறைந்துவிட்டது என்றும், பழைய கல்வி ஓர் அழகிய மரம், அதன் வேர் தோண்டப்பட்டுப் பட்டுப்போயிற்று என்னும் கருத்துப்படவும் பேசினார். கல்வியாளர் பிலிப் ஹார்டாக் அதனை மறுத்தார். சென்னை மாகாண ஆவணங்களை முழுமையாக வெளியிட்டுக் காந்தியடிகளின் கூற்றுக்கு வலுச்சேர்த்தவர் தரம்பால். அவரது நூல் 1983இல் வெளிவந்தது.

ஆவணங்கள் இருபக்கமும் பேசுகின்றன. தமிழ் மாவட்டங்களின் பள்ளிகளில் அந்தணர் மட்டுமே நிறைந்திருந்தனர் என்ற எண்ணத்தை அவை தகர்க்கின்றன. வேளாண்மையும் தொழிலும் செய்த சாதியினரின் பிள்ளைகளே பெரும்பகுதியினர். ஆனால் மன்றோ கணக்கிட்ட விகிதம் ஆண்பிள்ளைகளைப் பற்றியதே. பெண்கள் மிகச் சிலரே. தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்டோர்க்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை. திண்ணை என்பது ஒருவருடைய வீட்டின் முகப்பு. அதில் யார் ஏறலாம் என்பதைச் சாதி வழக்கமே முடிவு செய்தது. அழகிய மரத்தின் நிழல் அனைவர்மீதும் விழவில்லை.

பள்ளிகள் ஏன் நலிந்தன என்பதற்கும் விடை அங்கேயே உள்ளது. மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் ஈட்டாத ஆசிரியர் தொழிலுக்குத் தகுதியுடையோர் வரமாட்டார் என்றார் மன்றோ. பெல்லாரி ஆட்சியர் கேம்பெல் 1823இல் எழுதிய அறிக்கை, மக்களின் வறுமையே பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்குகிறது எனச் சுட்டியது. மாவட்டந்தோறும், வட்டந்தோறும் அரசுப் பள்ளிகள் அமைக்கத் திட்டம் வகுத்த மன்றோ 1827இல் காலராவுக்குப் பலியானார். திட்டம் அவர் எண்ணியபடி நிறைவேறவில்லை.

கடல் கடந்த சட்டாம்பிள்ளை

திண்ணைப் பள்ளி நாட்டில் நலிந்துகொண்டிருந்த காலத்திலேயே அதன் ஒரு கூறு கடல் கடந்து புகழ்பெற்றது. சென்னை எழும்பூரில் 1789இல் தொடங்கிய படைவீரர் ஆண் ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். நகரில் ஒரு தமிழ்ப் பள்ளியைக் கடந்து செல்கையில், சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அவ்வாறே செய்யுமாறு உதவியாசிரியரிடம் கூறினார். அவர் இணங்கவில்லை. பெல் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தேர்ந்து, இளைய வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர் செய்ய மறுத்ததைச் சிறுவன் செய்து காட்டினான். படிப்படியாகப் பள்ளி முழுவதும் மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறைக்கு மாறியது.

1796இல் தாயகம் திரும்பிய பெல் மறு ஆண்டே இம்முறையை விளக்கி நூல் வெளியிட்டார். அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டரும் இதையொத்த முறையைப் பரப்பினார். 1811இல் தோன்றிய இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியக் கல்விச் சங்கம் பெல்லின் முறையைக் கைக்கொண்டது. இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பெருந்தொகையாக எழுத்தறியக் காரணமாக இருந்த அம்முறைக்குச் சென்னை முறை என்றே பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடையால் எழுந்த பள்ளி இன்றும் சென்னைக் கல்லூரி என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆயினும் திண்ணையிலிருந்து எது சென்றது, எது செல்லவில்லை என்பது கருதத்தக்கது. ஓராசிரியரைக் கொண்டு பல நூறு பேர்க்குக் கற்பிக்கலாம் என்ற சிக்கனம் சென்றது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் கற்கலாம் என்ற நெகிழ்வு அந்த அளவில் செல்லவில்லை. நாளடைவில் சட்டாம்பிள்ளைகளும் மறைந்தனர். ஒரே நிலையில் உள்ளோரை ஓரறையில் அமர்த்தி, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் எல்லார்க்கும் ஒரே பாடத்தைச் சொல்லும் முறை நிலைபெற்றது. அதுவே வகுப்பறை.

1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின் அரசின் நல்கை பெற விரும்பிய பள்ளிகள் அம்முறைக்கு மாற வேண்டியதாயிற்று. மாணவர் தேர்ச்சிக்கு ஏற்ப நல்கை தரும் வழக்கம் சென்னை மாகாணத்தில் பரவிய பின், ஆய்வாளர் வரும் நாளே பள்ளியின் பெருநாளாயிற்று. கற்றதன் அளவுகோலாக ஊரார் தேவை இருந்த இடத்தில் தேர்வு வந்து அமர்ந்தது.

ஆசிரியரோடு வாழ்ந்த கல்வி

திண்ணைக்கு மேற்பட்ட தமிழ்க் கல்வி புலவர்களிடம் இருந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அம்மரபின் முழு வடிவம். அவர் கற்ற வரலாறே வியப்புக்குரியது. தந்தையாரிடம் தொடங்கி, யாரிடம் எந்த நூல் உண்டோ அவரைத் தேடிச் சென்று கற்றார். தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவர் பிச்சையேற்று வாழ்வதைக் கண்டு, அவருக்குப் பணிவிடை செய்து அந்நூலைக் கற்றார் என அவர் வரலாறு கூறுகிறது. நூல் ஏட்டில் மட்டும் இருந்த காலத்தில் கல்வி என்பது மனிதரைத் தேடிச் செல்லும் பயணமாகவே இருந்தது.

தாம் பெருமுயற்சியுடன் பெற்றதைப் பிள்ளையவர்கள் பொருள் கருதாமல் வழங்கினார். வறிய மாணவர்க்கு உணவுக்கும் வழி தேடினார். கிறித்தவரான சவரிராயலு நாயகரும் இசுலாமியரான நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். சைவ மடத்தின் புலவராக விளங்கியவரின் கல்விக்கூடம் சமய எல்லையைக் கடந்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1871இல் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார் உ. வே. சாமிநாதையர். அரியலூரிலும் கார்குடியிலும் செங்கணத்திலும் பல ஆசிரியர்களிடம் கற்றும் அவர் தமிழ்ப் பசி தணியவில்லை. மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் ஆசிரியரின் நிழலாக வாழ்ந்த ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் அவர் பெற்ற கல்விக்குக் கால அட்டவணை இல்லை. ஆசிரியர் நடந்தவாறே பாடல் புனைவார். மாணவர் ஏட்டில் எழுதுவார். எழுதுவதே பாடம். சொல் எவ்வாறு பிறக்கிறது, எதுகை எவ்வாறு வந்து பொருந்துகிறது, எழுதிய சொல் ஏன் மாற்றப்படுகிறது என்பவற்றை அவர் நேரில் கண்டார். நூலின் முடிந்த வடிவத்தை மட்டும் வகுப்பறையில் பெறலாம். நூல் உருவாகும் வகையைக் காண்பதற்கு ஆசிரியரோடு வாழ வேண்டியிருந்தது.

இக்கல்விக்கும் எல்லை உண்டு. ஆசிரியரின் விருப்பே மாணவரின் வானமாகிவிடும். மாயூரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதையர் இசை பயிலத் தொடங்கினார். அவர் தந்தையார் இசைவாணர். இசை குடும்பச் சொத்து. ஆனால் இசைப் பயிற்சி தமிழ்ப் படிப்பைத் தடுக்கும் எனப் பிள்ளையவர்கள் கருதுவதை உணர்ந்ததும் அதனை விட்டுவிட்டார்.

அதனினும் பெரிய எல்லை பின்னர் வெளிப்பட்டது. 1880இல் தியாகராச செட்டியாருக்குப் பின் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த சாமிநாதையர், அவ்வாண்டு அக்டோபரில் அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். என்னென்ன கற்றீர் என முதலியார் வினவ, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என நீண்ட பட்டியலை ஐயர் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் உண்டா, மணிமேகலை உண்டா எனக் கேட்டார். மகாவித்துவானின் தலைமாணாக்கர்களுள் ஒருவர் அவற்றைப் படித்ததில்லை. அம்மரபின் பாடத்திட்டத்தில் அந்நூல்களுக்கு இடமில்லாமற் போயிருந்தது. வெளியிலிருந்து வந்த, ஆங்கிலமும் சட்டமும் கற்ற ஒருவரின் கேள்வியே அந்த அடைபட்ட கதவைத் தட்டியது.

முதலியார் தந்த சிந்தாமணிப் படியை இருவரும் கூடிப் படிக்கத் தொடங்கினர். சமண நூலாதலின் பல செய்திகள் விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் வீடுகளில் சிந்தாமணி சமய நூலாகப் படிக்கப்பட்டு வருவதை ஐயர் அறிந்து அங்கே சென்றார். கல்லூரி ஆசிரியர் அவ்வீடுகளில் மாணவராக அமர்ந்தார். புலவர் மரபு மறந்ததை இல்லறத்தார் சிலர் தம் வழிபாட்டில் காத்துவைத்திருந்தனர். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் தொடர்ந்தன.

இப்பணிக்கு எந்தக் கல்வி முறை காரணம்? ஆசிரியரோடு வாழ்ந்து பெற்ற இலக்கணப் புலமை இன்றேல் சிதைந்த ஏட்டைப் படித்துப் பாடம் தெளிந்திருக்க இயலாது. முதலியாரின் கேள்வி இன்றேல் அப்புலமை அந்த ஏட்டைத் தேடிச் சென்றிருக்குமா என்பது ஐயமே. சமணர் இல்லங்கள் இன்றேல் பொருள் விளங்கியிராது. அச்சுக்கூடம் இன்றேல் அது பிறரைச் சென்றடைந்திராது. சங்க நூல்களின் மறுபிறப்பு ஒரு முறையின் வெற்றியன்று; முறைகள் சந்தித்ததன் விளைவு.

நூல் மட்டும் துணையாக

அதே கும்பகோணம் கல்லூரியிலிருந்து 1903இல் சாமிநாதையர் சென்னைக்கு மாறிச் சென்றார். மறு ஆண்டு அங்கு ஒரு மாணவர் சேர்ந்தார். திண்ணைப் பள்ளியில் எழுத்தறிந்து, நகர உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் பெற்று, உதவித்தொகையுடன் வந்த அவர் பெயர் சீனிவாச இராமானுசன்.

பள்ளிப் பருவத்தின் இறுதியில் ஜார்ஜ் கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. பல ஆயிரம் தேற்றங்களைப் பெரும்பாலும் நிறுவல் இன்றி அடுக்கிய தேர்வுத் துணைநூல் அது. நிறுவல் இல்லாமையே இராமானுசனுக்கு வரமாயிற்று. ஒவ்வொன்றையும் தாமே நிறுவ முயன்று புதியவற்றைக் கண்டார். கல்லூரியோ எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி கேட்டது. கணிதம் ஒன்றிலேயே மூழ்கிய அவர் மற்றவற்றில் தவறி உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் இடைக்கலைத் தேர்வில் வெற்றி பெறவில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை அவருக்குப் பொருந்தவில்லை.

இதைக் கொண்டு வகுப்பறை வீண், தனிக் கல்வியே சிறந்தது என முடிவு கட்டுவோர் உண்டு. வரலாறு அங்கு முடியவில்லை. 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் கட்டுரை வந்தது. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1913 சனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914இல் அங்கே சென்றார். தனியே கற்றதன் வலிமையையும் மெலிவையும் ஹார்டி ஒருங்கே கண்டார். எவரும் காணாத உண்மைகளைக் கண்டவர், முன்னரே பிறர் கண்டவற்றை மீண்டும் காண்பதில் ஆண்டுகளைச் செலவிட்டிருந்தார். நிறுவல் எனக் கணித உலகம் எதனைக் கருதுகிறது என்பது அவருக்குத் தெளிவாக இல்லை. முறைப்படி பாடம் நடத்தினால் அவரது ஊற்று வற்றிவிடுமோ என ஹார்டி அஞ்சினார். ஆகவே உடனிருந்து, உரையாடி, வேண்டியதை மட்டும் தந்தார். திருவாவடுதுறையில் நிகழ்ந்தது போன்றதொரு கல்வி கேம்பிரிட்ஜில் நிகழ்ந்தது. 1918இல் இராமானுசன் இலண்டன் அரசவைக் கழகத்தின் உறுப்பினரானார். நூல் அவரை வளர்த்தது. ஆனால் உடனிருந்து கேட்ட ஒரு மனிதரே அவரை உலகுக்கு அளித்தார்.

திறந்த கதவு

இதுவரை கண்டவற்றால் வகுப்பறை இழந்தவையே மிகுதி எனத் தோன்றலாம். முதல் வினாவை மீண்டும் கேட்க வேண்டும். யாரை உள்ளே விட்டது?

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமிக்கு உரிய வயது வந்ததும் பள்ளி செல்லும் வழி அடைபட்டது. தந்தையார் வீட்டிலேயே கற்பித்தார். 1902இல் தனித்தேர்வராக மெட்ரிகுலேசன் தேறினார். வீட்டுக் கல்வி அதுவரை அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு மேல் கொண்டுசெல்ல அதனால் இயலவில்லை. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் பெண்ணொருத்தி சேர்வதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் இசைவால் இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் எழுந்தது. உடற்கூறும் அறுவையும் கற்பிக்கும் கூடம் எந்தத் திண்ணையிலும் இல்லை.

1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். கிறித்தவ சபைகள் அதற்கு முன்னரே பல சேரிகளில் பள்ளிகள் நடத்தின. அங்கு அமர்ந்த முதல் தலைமுறைக்கு, எல்லாரும் ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் கற்பது குறையாகத் தெரிந்திராது. அதுவே அவர்கள் அதுவரை காணாத சமத்துவம். திண்ணை மாணவன் இன்னாரின் மகனாக வந்தான். வருகைப் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயருக்கோ, எழுதப்பட்ட அளவிலேனும், பிறர் பெயருக்குச் சமமான ஒரு வரி கிடைத்தது. வகுப்பறைக்குள்ளும் தனியிருக்கை, தனிக்குவளைக் கொடுமைகள் நெடுங்காலம் தொடர்ந்தன என்பதும் மறக்கத்தக்கதன்று. எனினும் அவை அரசு தட்டிக்கேட்க வேண்டிய தவறுகளாயின. திண்ணையிலோ அவை கேள்வியற்ற வழக்கம்.

இதனை மறந்து தீட்டப்பட்ட திட்டம் எவ்வாறு முடிந்தது என்பதற்கு 1953ஆம் ஆண்டு சான்று. முதலமைச்சர் இராசாசி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தார். ஊர்ப்புறப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் பயில்வர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ ஊர்க் கைத்தொழிலையோ பழகுவர். குறைந்த செலவில் மிகுதியான பிள்ளைகளுக்கு இடம் தரலாம் என்பதும், கைத்தொழிலும் கல்வியே என்பதும் அதன் அடிப்படை. காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் கைத்தொழிலே நடுவிடம் பெற்றிருந்தது.

தச்சன் மகன் உளியைப் பிடித்துக் கற்பதில் ஆழ்ந்த அறிவுண்டு என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. மக்கள் கேட்ட கேள்வி வேறு. எழுதுகோல் பிடித்தவன் மகன் மாலையில் எதைக் கற்பான்? மலம் அள்ளுபவன் மகன் மாலையில் எதைக் கற்பான்? தொழில் சாதியோடு பிணைந்திருந்த நாட்டில், தந்தையிடம் கற்றல் என்பது தந்தையின் இடத்திலேயே நிற்றல் என்றாகிவிடும். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் எனப் பெயரிட்டு எதிர்த்தனர். அப்பெயரே நிலைத்தது. 1954 ஏப்ரலில் இராசாசி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் மே மாதத்தில் திட்டத்தைக் கைவிட்டார். 1956இல் அவர் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், மன்றோ காலத்து ஆட்சியர் சுட்டிய அதே வறுமைக்குத் தாமதமாகக் கிடைத்த விடை எனலாம்.

இரு வினாக்களும் சேர்ந்த இடம்

ஆகவே முறைகளைத் தனித்தனியே நிறுத்தி எது சிறந்தது எனக் கேட்பது வழக்கைத் தவறாகத் தொடுப்பதாகும். திண்ணை சிலரை மட்டும் ஏற்றி ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்தது. புலவர் இல்லம் இன்னும் சிலரை ஏற்றுத் தன் வாழ்வையே பாடமாக்கியது. தனிநூல் யாரையும் தடுக்கவில்லை. யாருக்கும் மறுமொழியும் கூறவில்லை. வகுப்பறை நெடும் போராட்டத்திற்குப் பின் எல்லார்க்கும் கதவைத் திறந்தது. திறந்தபின், வந்தவர் ஒவ்வொருவரையும் பார்க்க அதற்கு நேரம் போதவில்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியை உரிமையாக்கியது. முதல் வினாவுக்குச் சட்டத்தின் விடை அது. இரண்டாம் வினாவுக்குச் சட்டத்தால் விடை கூற இயலாது. அதற்கு ஆசிரியர் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் வேகத்தையும் அறியும் அளவுக்கு அவருக்குப் பொழுதும் வேண்டும்.

திறந்த கதவை மூடாமல் பழைய கவனத்தை மீட்பதே எஞ்சிய பணி. மூத்தவர் இளையவர்க்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தை வகுப்பறைக்குள் மீட்கலாம். அது திண்ணையிலிருந்து புறப்பட்டு உலகம் சுற்றிய வழக்கமே. நூலகத்தைப் பள்ளியின் நடுவில் வைக்கலாம். அடுத்த இராமானுசனின் கைக்கு எந்த நூல் சேரும் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். தொழில் அறிந்தவரைப் பிறப்புக் கருதாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆசிரியராக்கலாம். தச்சன் உளியை எழுதுகோல்காரன் மகனும் பிடிக்கட்டும்.

பள்ளிப் பருவம் கடந்தவர்க்கும் ஒரு வழி என்றும் உண்டு. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீப் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் ஓர் ஏட்டை நடுவில் வைத்துக்கொண்டு அமர்ந்தனர். அங்கே தேர்வில்லை, பட்டமில்லை, ஒருவருக்குத் தெரியாததை மற்றவர் கேட்டார். இருவருக்கும் தெரியாததை அறிந்தவரைத் தேடிச் சென்றனர். நூலைக் கூடிப் படித்து, ஐயத்தை மறைக்காமல் கேட்கும் இலக்கிய வட்டங்கள் யாவும் அந்தக் கல்வியின் வழிவந்தவை. அவ்வழி வந்தவர்க்கு ஒரு கடமையும் உண்டு. தங்கள் பட்டியலில் இன்னும் இடம்பெறாத நூல் எது, தங்கள் திண்ணையில் இன்னும் ஏறாதவர் யார் என்று ஆண்டுதோறும் தம்மைத் தாமே வினவிக்கொள்வது.